செக் நாட்டுப்பற்று இலக்கியங்களைத் தழுவிய படங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

இந்தக் கேள்விக்குப் பலரும் இயக்குநர் ஓத்தகர் வாவ்ராவின், மதபோதகர் யான் ஹுஸில் தொடங்கும் வரிசைப் படங்களைத்தான் கைகாட்டுவார்கள். நான் அவற்றைக் கடைசிக்குத் தள்ளுவேன்.

முதலில் 'பாபிச்கா', அதாவது பாட்டி. பொஷெனா நெம்ட்சோவா 1855-இல் எழுதிய நாவல். கொடி, போர், வீர வசனம் எதுவும் கிடையாது; பேரப்பிள்ளைகளோடு கிராமத்தில் வாழும் ஒரு பாட்டியின் கதை. ஆனால் நாவலில் ஓர் இடம் வரும். பாட்டியின் இளமைக் காலத்தில், ஜெர்மன் பேசும் பிரஷ்யாவின் படையில் இருந்த அவள் கணவன் இறந்துபோகிறான். பிள்ளைகளை அங்கேயே அரசு செலவில் வளர்க்கலாம் என்கிறார்கள். தாய்மொழி அற்றுப்போய்விடுமே என்று அதை உதறிவிட்டு, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறாள். சரி, ஃப்ரான்டிஷெக் சாப் இதைப் படமாக்கியது எப்போது? 1940-இல். செக் தலைநகர் பிராகாவுக்குள் நாஜிப் படை நுழைந்து ஓர் ஆண்டு தாண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு செக் பாட்டி திரையில் நிதானமாகச் செக் பேசுவதற்கு என்ன அர்த்தம் என்று அரங்கில் இருந்தவர்களுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

வாவ்ரா படங்கள் வேறு ரகம். 'யான் ஹுஸ்', 'யான் ஜிஷ்கா', 'எல்லோருக்கும் எதிராக' என 1954 தொடங்கி வரிசையாக மூன்று. மூலம் எழுத்தாளர் அலோய்ஸ் யிராசெக்கின் படைப்புகள். அவர் 1930-லேயே காலமாகிவிட்டார். பிறகு வந்த கம்யூனிஸ்ட் அரசு அவரைத் தத்தெடுத்துக்கொண்டது. 1415-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்ட மதபோதகர் ஹுஸ், இங்கே பாதி நேரம் கட்சிக் கூட்டப் பேச்சாளர் மாதிரி இருக்கிறார். இறைநம்பிக்கை ஓரமாகி, ஏழை-பணக்காரன் சண்டை முன்னால் வந்துவிடுகிறது. ஹுஸாக நடித்த ஸ்டெனெக் ஷ்டெபானெக்கே ஹுஸ் ஆதரவாளர்களின் தளபதி ஜிஷ்காவாகவும் வருவார். கூட்டக் காட்சிகளின் பிரம்மாண்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டாவது படத்தில் நான் தூங்கிவிட்டேன்.

அதே யிராசெக் எழுதிய பழங்கதைகளை யிர்ஷி த்ரின்கா 1953-இல் பொம்மைப் படமாக எடுத்தார்: 'பழைய செக் கதைகள்'. ர்ஷிப் மலைக்கு வந்து சேரும் ஆதித் தந்தை செக், காட்டுப்பன்றியைத் தோளில் தூக்கி வரும் பிவோய், ஏரோட்டியை மணக்கும் லிபுஷே என்று நீளும். பொம்மைகளின் முகம் அசையாது. வெளிச்சம் மாறும்போது கோபமும் துக்கமும் தானாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. யிராசெக்கைத் தத்தெடுத்த அதே அரசின் காலத்துப் படம்தான், ஆனால் பிரசங்க வாடையே இல்லை. வசன வரிகள் கிடைக்காவிட்டாலும் இதைப் பார்த்துவிடலாம். 'பாபிச்கா'வுக்கு அவை கட்டாயம் வேண்டும்.