முயலுக்குத் தட்டுப் பழக்கம் வேண்டுமா? வாசகர் கேள்வி-பதில்

சாட்ஸ்வர்த் வாசகி: வீட்டுக்குள் ஒரு முயல் வளர்க்கிறோம். பூனையைப் போல அதையும் ஒரே இடத்தில் கழிக்கப் பழக்க வேண்டுமா? கூண்டிலேயே வைத்திருந்தால் போதாதா, அம்மா?

போதாது. ஓடியாடாத முயலுக்கு எலும்பும் குடலும் கெடும். ஓடவிட வேண்டுமானால் பழக்கத்தான் வேண்டும். பாதி வேலையை முயலே செய்துவிடும்: ஒன்றிரண்டு மூலைகளைத் தானாகத் தேர்ந்துகொண்டு அங்கேயே சிறுநீர் கழிக்கும். நீங்கள் விரும்பும் மூலையை விட்டுவிட்டு, அது விரும்பும் மூலையில் கழிப்பதற்கான தட்டை வையுங்கள். தட்டின் ஒரு பக்கம் டெஃப், எராக்ரோஸ்டிஸ் போன்ற காய்ந்த தீவனப் புல்லைக் குவித்துவையுங்கள். முயல் தின்றுகொண்டே கழிக்கும் பிராணி. சிறுநீரில் நனைந்த காகிதத்தையும் கொஞ்சம் புழுக்கையையும் முதல் நாட்களில் தட்டிலேயே விட்டுவையுங்கள்; வாசனை பிடித்து அங்கே வரும். வெளியே நாலைந்து உலர்ந்த புழுக்கை கிடந்தால் கூட்டிவிடுங்கள், திட்டாதீர்கள்.

முயல் நீட்டிப் படுக்கும் அளவுக்குத் தட்டு வேண்டும். மூலைக்கென்று விற்கும் முக்கோணத் தட்டை வாங்காதீர்கள். எனக்கு விற்ற தட்டில் முயலின் பின்பாதி வெளியே நின்றது. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்தார். துணி ஊறவைக்கும் அகலத் தொட்டியே போதும்.

பீனிக்ஸ் வாசகர்: 'தட்டில் மட்டுமே போகும், நன்றாகப் பழகியது' என்று சொல்லி, நான்கு மாத ஆண் முயலுக்குக் கூடுதலாக 300 ராண்ட் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து சோபா, பாய் எல்லாம் நனைகிறது.

உங்கள் மேல் தவறே இல்லை. அந்த வயதில் கருத்தடை செய்யாத ஆண் முயல், தன் இடம் என்று காட்டச் சிறுநீரைப் பீய்ச்சும். புது வீட்டில் இன்னும் அதிகமாகச் செய்யும். அப்படியிருக்க, பழகியது என்று உறுதி கூறிப் பணம் வாங்கியது அநியாயம். நம் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, தவறான தகவல் சொல்லி விற்பதைத் தடை செய்கிறது. அவர்கள் அனுப்பிய செய்தி, ரசீது இரண்டையும் பத்திரப்படுத்தி, அந்த 300 ராண்டை எழுத்தில் கேளுங்கள். விற்றவர் இதைத் தொழிலாகச் செய்பவராக இருக்க வேண்டும். தன் வீட்டு முயலை ஒருமுறை விற்றவரிடம் இந்தச் சட்டம் செல்லாது. முயலுக்குக் கருத்தடை செய்யுங்கள். சில வாரங்களில் பீய்ச்சுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

மெரிபாங்க் வாசகி: பைன் மரச்சீவல் மலிவாகக் கிடைக்கிறது. தட்டில் போடலாமா?

வேண்டாம். அதிலிருந்து வரும் ஆவி ஈரலைப் பாதிக்கும். காகிதத் துகள் போடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: முயலுக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணலைக் கொடுத்தார்கள். முயல் அதைத் தின்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகையைக் காட்டுகிறார்கள்.

முதலில் மணலை அப்புறப்படுத்துங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. மணல் குடலில் கட்டிக்கொள்ளும். தீனியும் புழுக்கையும் அரை நாள் நின்றாலே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

அந்தப் பலகைக்கு வருகிறேன். டர்பன் முழுக்க அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரம் தீரவில்லை. சட்டம் கொடுத்த உரிமையைக் கடைக்காரர் ஒரு பலகையால் பறிக்க முடியாது. இன்ன தேவைக்கு வேண்டும் என்று நீங்கள் சொல்லி, அதற்கு ஒவ்வாத பொருளை அவர் கொடுத்தால், 10 வேலை நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் 55ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கின்றன. பையைத் திறந்துவிட்டதால் நியாயமான ஒரு தொகையைக் கழிக்கலாம், அவ்வளவே. பொருளே பழுது என்றால் 6 மாதம் வரை பழுதுபார்ப்பா, மாற்றா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடைக்காரர் அல்ல. அது 56ஆம் பிரிவு. பலகையைக் கண்டதும் தலை குனிந்து வெளியேறும் நம் பெரியவர்களை எண்ணித்தான் இதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். இனியும் மறுத்தால் நுகர்பொருள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுங்கள், கட்டணம் இல்லை.

டோங்காட் வாசகர்: ஈஸ்டருக்குப் பிள்ளைகள் கேட்டார்கள் என்று இரண்டு முயல் வாங்கினேன். கூண்டை வாரம் ஒருமுறை கழுவுகிறோம். நாற்றம் தாங்கவில்லை. கடையில் திருப்பித் தரலாமா?

முயலில் என்ன குறை? எதுவும் இல்லை. ஆகவே சட்டம் உங்களுக்கு உதவாது. நாற்றம் உங்கள் மூக்கைவிட அவற்றின் நுரையீரலைத்தான் அதிகம் வருத்துகிறது. நம் கடலோரப் புழுக்கத்தில் நனைந்த ரோமத்தில் ஈ முட்டையிட்டால், ஓரிரு நாளில் புழு வைத்து முயல் செத்துப்போகும். தட்டைத் தினமும் மாற்றுங்கள், வினிகரால் துடையுங்கள். இரண்டும் ஆணா பெண்ணா என்று பார்த்தீர்களா? ஒன்று ஆண், மற்றது பெண் என்றால் ஒரு மாதத்தில் குட்டி போடும். எட்டு, பத்து ஆண்டு வாழும் பிராணியை வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. முடியவே முடியாது என்றால் விலங்கு வதைத் தடுப்பு அமைப்பான எஸ்.பி.சி.ஏ.விடம் ஒப்படையுங்கள். கரும்புக்காட்டில் விட்டுவிடாதீர்கள்.

வெருலம் வாசகி: இணையத்தில் வாங்கிய கூண்டுக்குக் கம்பித் தரை. முயலின் பாதம் புண்ணாகிறது. பொருள் வந்து ஐந்து நாளாகிறது.

உங்களுக்கு உடனே தனியாக எழுதிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும். 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டப்படி, இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்த 7 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. கூண்டைத் திருப்பி அனுப்பும்வரை கம்பியின் மேல் கனத்த பாயை விரித்து, அதன்மேல் புல்லைப் பரப்புங்கள்.