எரபஸ் மலைச்சரிவும் நிழலற்ற வெளிச்சமும்

அன்புள்ள ஐயா,

அண்டார்டிகா பற்றிய கட்டுரையில், 1979இல் எரபஸ் மலையில் மோதிய நியூசிலாந்து விமானத்தை ஒரே வரியில் சொல்லிச் சென்றிருந்தீர்கள். 3,794 மீட்டர் உயரமுள்ள மலை, பட்டப்பகலில் விமானிகளின் கண்ணில் படாமல் போனது எப்படி?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

257 பேர் இறந்த இடத்தை நான் ஒரு வரியில் கடந்திருக்கக் கூடாது. உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்தச் சரிவின் அமைப்பிலேயே இருக்கிறது.

எரபஸ், ராஸ் தீவில் உள்ள உயிருள்ள எரிமலை. அதன் மேற்கே மக்மர்டோ சவுண்ட் என்னும் உறைந்த கடற்பரப்பு. அந்தப் பக்கத்து ராய்ட்ஸ் முனையிலும் எவன்ஸ் முனையிலும் கோடையில் பனி விலகி, கறுத்த எரிமலைப் பாறை வெளித்தெரியும். வடக்கே லூயிஸ் விரிகுடா. அங்கே கடலோரத்தில் தொடங்கும் பனிச்சரிவு வெள்ளையாகவே மேலேறிச் செல்கிறது. விமானப் பாதையின் ஆயங்கள், அதாவது பாதையைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள், புறப்படுவதற்கு முன் மாற்றப்பட்டதை விமானிகளுக்கு யாரும் சொல்லவில்லை. இருபுறமும் தெரிந்த கறுத்த பாறைமுனைகளை மக்மர்டோவின் கரைகள் என்று நம்பியவர்கள், உண்மையில் லூயிஸ் விரிகுடாவின் மேல், மலைக்கு நேராகப் பறந்துகொண்டிருந்தார்கள்.

மேகத்துக்குள் பறந்து மோதவில்லை என்பதுதான் நெஞ்சை உலுக்குவது. நீதிபதி பீட்டர் மாஹனின் விசாரணை ஆணையம் கண்டபடி, மேகத்தட்டு அவர்களுக்கு மேலே இருந்தது. கீழே காற்று தெளிவாக இருந்தது. மேட்டையும் பள்ளத்தையும் நாம் நிழலைக் கொண்டே பிரித்தறிகிறோம். மேகம் வெயிலைச் சிதறடிக்க, பனி அதைத் திருப்பி அனுப்ப, வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும்போது நிழலே விழுவதில்லை. அந்த வெளிச்சத்தில் தரையில் நடப்பவருக்கே தம் காலடித் தடம் தெரியாது. தடுக்கி விழுந்த பிறகுதான் எதிரே பனிமேடு இருந்தது புரியும். மரமோ வீடோ இல்லாத அந்த நிலத்தில் தூரத்தை மதிப்பிடவும் எதுவும் இல்லை. ஏறிச்செல்லும் சரிவும் மேகத்தின் அடிப்பக்கமும் ஒன்றாகக் கலந்து, தொலைதூரம் விரிந்த சமவெளிபோல அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. மோதியது சுமார் 450 மீட்டர் உயரத்தில். எச்சரிக்கைக் கருவி ஒலித்தது அதற்குச் சில வினாடிகள் முன்புதான். விமானிகளின் கவனக்குறைவு என்று இன்றும் சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த இடம் இப்போது கல்லறையாக மதிக்கப்பட்டு, அண்டார்டிக் ஒப்பந்த நாடுகளால் பாதுகாக்கப்படுகிறது. சிதைவுகளில் பெரும்பகுதியைப் பனி மூடிவிட்டது. முதலில் நட்ட மரச்சிலுவையைக் காற்றும் பனியும் அரித்துவிட்டதால், 1987இல் அதனிடத்தில் எஃகுச் சிலுவை ஒன்றை நிறுவினார்கள்.