இயேசுதான் பிதாவா? (கடிதம்)

அண்ணா, வணக்கம்.

நான் திருகோணமலை, உவர்மலையில் இருக்கிறேன். பிறப்பில் கத்தோலிக்கன். என் தங்கையும் மச்சானும் ஒரு புதுச் சபையில் சேர்ந்துவிட்டார்கள். "இயேசுதான் பிதா, இயேசுதான் ஆவி, மூன்று பேர் என்பதெல்லாம் ரோமாபுரிக்காரன் செய்த வேலை" என்று அங்கே போதிக்கிறார்கள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சொல்லிக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதாம், இயேசுவின் பெயரில் மட்டும் திரும்ப எடுக்க வேண்டுமாம். இரண்டு பேரும் உப்புவெளிக் கடலில் எடுத்துவிட்டார்கள். இப்போது அம்மாவையும் வரச் சொல்லி நச்சரிக்கிறார்கள், அம்மா அழுகிறார்.

இதற்கிடையில் என்னோடு வேலை செய்யும் கிண்ணியா நண்பர், "ஈஸா நபி எங்கேயாவது நான் கடவுள் என்று சொல்லியிருக்கிறாரா? 325இல் ஒரு ராஜா கூட்டம் போட்டு வாக்கெடுத்துத்தான் அவரைக் கடவுளாக்கினான்" என்கிறார். வீட்டுக்கு வரும் யெகோவா சாட்சிகள் அவர் படைக்கப்பட்டவர் என்கிறார்கள். பாதரிடம் கேட்டேன், அது மறைபொருள் என்று முடித்துவிட்டார். இயேசு கடவுளா, இல்லை பிதா வேறு அவர் வேறா? சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

*

தம்பி,

சுற்றிவளைக்காமல் கேட்டதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நேரமிருந்தால் படியுங்கள். கிறிஸ்தவம் சொல்வது இவ்வளவுதான்: கடவுள் ஒருவரே. இயேசு கடவுள். இயேசு பிதா அல்ல. கத்தோலிக்கர், ஓர்த்தடொக்ஸ், அங்கிலிக்கன், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தேக்காரரிலும் பெரும்பகுதி, வேறு எதில் அடித்துக்கொண்டாலும் இந்த மூன்று வாக்கியத்தில் ஒரே பக்கம்தான்.

மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது கஷ்டம், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஏதாவது ஒன்றைக் கைவிட்டால் மற்றது உடனே விளங்கிவிடும், அதனால்தான் கைவிடுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். மூன்றாவதைக் கைவிட்டவர் உங்கள் மச்சான். இரண்டாவதைக் கைவிட்டவர்கள் உங்கள் வீட்டுக் கேற்றைத் தட்டுகிறவர்கள். கிண்ணியா நண்பருக்கும் இரண்டாவதுதான் பிரச்சினை, ஆனால் அது அவருடைய மார்க்கம், அவர் அதை மறைத்துப் பேசவில்லை. பாதர் மறைபொருள் என்றதிலும் பிழையில்லை. ஆனால் அது கடைசியாகச் சொல்ல வேண்டியது, முதல் வாக்கியமாகவே சொன்னால் கேட்டவன் வேறெங்காவது போய்த்தான் கேட்பான்.

வீட்டில் இருக்கிற பைபிளில் யோவான் நற்செய்தியை எடுங்கள். கடைசி இராப்போசனம். பிலிப்பு, பிதாவை எங்களுக்குக் காண்பியும் என்கிறார். "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்று பதில் வருகிறது (14:9). மச்சானின் சபை நிற்பது இந்த வசனத்தில். அதே மேசை, அதே இரவு, அதே அதிகாரம், கொஞ்சம் கீழே வந்தால் "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" (14:28). சாட்சிகள் நிற்பது இதில். இருபதாம் அதிகாரத்திலும் இதே கதைதான்: உயிர்த்தெழுந்த அன்று மரிய மதலேனாளிடம் "என் தேவனிடத்திற்கும் உங்கள் தேவனிடத்திற்கும் ஏறிப்போகிறேன்" என்கிறார், எட்டு நாள் கழித்துத் தோமா அவரைப் பார்த்தே "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று கத்துகிறார், அவர் தோமாவைத் திருத்தவில்லை. இரண்டு வசனத்துக்கும் நடுவில் பத்து வசனம்தான். ஆளுக்கொரு வசனத்தைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் மற்றதை விரலால் மறைத்துக்கொண்டுதான் பிடிக்கிறார்கள், இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. யோவானுக்கு இரண்டும் முரணாகத் தெரியவில்லை. புத்தகத்தின் முதல் வசனத்திலேயே வார்த்தையானவர் (இயேசுவைத்தான் அப்படிச் சொல்கிறார்) தேவனோடு இருந்தார் என்றும் தேவனாயிருந்தார் என்றும் ஒரே மூச்சில் எழுதியவர் அவர்.

சரி, மச்சானுக்கு வருவோம். இயேசுதான் பிதா என்பது புதுச் சபையில் பிறந்த புது வெளிச்சம் இல்லை. கி.பி. 200ஐ ஒட்டி ரோமிலேயே இதைப் போதித்தவர்கள் இருந்தார்கள், சபெல்லியுஸ் என்பவரின் பெயர் இந்தக் கருத்தோடு ஒட்டிப்போய்விட்டது. கார்த்தேஜில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இப்படிப் போதித்த ஒருவரைப் பற்றி, அவர் பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டார் என்று குத்தலாக எழுதினார். மூன்று பேர் என்பது ரோமாபுரிக்காரன் வேலை என்கிறார் மச்சான், ஆனால் ரோமில் அந்த நாளில் நன்றாக விலைபோனது மச்சானின் போதனைதான்! அப்புறம் அது ஏறக்குறைய ஒடுங்கிப்போய், 1913இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு பெந்தெகொஸ்தே முகாம் கூட்டத்தில், அப்போஸ்தலர் இயேசுவின் நாமத்தில்தானே ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று ஒருவர் பிரசங்கித்ததில் மறுபடி பற்றிக்கொண்டது. 1916இல் பெந்தெகொஸ்தேக்காரரே இதற்காக இரண்டாகப் பிரிந்தார்கள். இன்று ஊரூராக இயேசுவின் நாமத்தில் மட்டும் என்று வருகிற சபைகளின் வேர் பெரும்பாலும் அங்கேதான்.

அந்தப் போதனையில் எனக்கு இடிக்கிற இடம் கெத்செமனே, பிடிபடுவதற்கு முன் இயேசு ஜெபித்த தோட்டம். "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று இரத்த வியர்வை சிந்தி ஒருவர் மன்றாடுகிறார். மன்றாடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே ஆள் என்றால் அந்த இரவு வெறும் நடிப்பாகிவிடும். மனித சுபாவம் தெய்வ சுபாவத்திடம் பேசியது என்று அவர்கள் பதில் வைத்திருக்கிறார்கள், மச்சானும் அதைத்தான் சொல்வார். ஆனால் சுபாவங்கள் ஒன்றையொன்று "அப்பா" என்று கூப்பிடுமா? ஞாயிறு பள்ளிக்கூடத்தில் தண்ணீர், ஐஸ், நீராவி என்று மூவொருமையை (ஒரே கடவுள், மூன்று ஆட்கள் என்பதை) விளக்குவார்களே, நல்ல மனதோடு செய்கிற வேலைதான், ஆனால் அது சொல்லிக் கொடுப்பது அச்சு அசலாக சபெல்லியுஸை. ஒரே தண்ணீர் ஒரே நேரத்தில் ஐஸாக இருந்துகொண்டு நீராவியிடம் ஜெபிக்க முடியாது.

இனி 325. உங்கள் நண்பர் சொல்லும் கதை இப்போது யூடியூப் முழுக்கக் கிடக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அரியுஸ் அலெக்சாந்திரியாவில் ஒரு குரு. நம்முடைய ஊரைப் போல அதுவும் துறைமுகம். மாலுமிகளும் மாவரைக்கிறவர்களும் பாடுகிற மாதிரிப் பாட்டுக் கட்டித் தன் போதனையைப் பரப்பினார் என்று பழைய குறிப்பு இருக்கிறது. போதனை இது: குமாரன் உலகத்துக்கு முந்தியவர், எல்லாப் படைப்புக்கும் மேலானவர், வணங்கத் தக்கவர், ஆனாலும் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு நிலை இருந்தது. கவனியுங்கள், அரியுஸும் இயேசுவை வணங்கினார். இந்தச் சண்டையைத் தீர்க்க 325இல் நிசேயா என்ற ஊரில் சங்கமாகக் கூடிய ஏறக்குறைய 300 ஆயர்கள், இயேசு சாதாரண மனிதரா கடவுளா என்று வாக்கெடுக்கவில்லை. வணங்கப்படுகிற இவர் படைத்தவரின் பக்கமா, படைப்பின் பக்கமா என்பதுதான் கேள்வி. பூசையில் அம்மா சொல்கிற "உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்" என்ற வரி அங்கேயிருந்து வந்தது. அரியுஸோடு சேர்ந்து கடைசிவரை கையெழுத்துப் போட மறுத்த ஆயர்கள் இரண்டே பேர்.

ராஜாவின் வேலை என்கிற பேச்சு எனக்கு வேடிக்கையாக இருக்கும். ரோமப் பேரரசர் கொன்ஸ்தந்தைன் கூட்டத்தைக் கூட்டினார், உண்மை. ஆனால் சில வருஷத்திலேயே மனம் மாறி அரியுஸைத் திரும்ப அழைத்துக்கொண்டார், 337இல் மரணப் படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே அரியுஸின் கூட்டாளியான நிக்கோமேதியா எவுசேபியுஸ்தான். மகன் கொன்ஸ்தன்சியுஸ் வெளிப்படையாகவே நிசேயாவுக்கு எதிர்ப் பக்கம். நிசேயாவுக்காக விடாமல் நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸை 5 முறை ஊரை விட்டுத் துரத்தினார்கள், ஏறக்குறைய 17 வருஷம் வனாந்தரத்திலும் அந்நிய ஊரிலும் போனது. ராஜாக்கள்தான் தீர்மானித்தார்கள் என்றால் ஜெயித்திருக்க வேண்டியது அரியுஸ். 381இல்தான், இன்னொரு சங்கத்தில், விஷயம் ஒரு முடிவுக்கு வந்தது. அந்த நாளில் கொன்ஸ்தாந்திநோப்பிளில் பாண் என்ன விலை என்று கேட்டால் "பிதா பெரியவர், குமாரன் அவருக்குக் கீழே" என்று பதில் வருகிறது, குளிக்கத் தண்ணீர் ஆயத்தமா என்று கேட்டால் "குமாரன் இல்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டார்" என்கிறார்கள் என்று நிசா நகர் ஆயர் கிரகோரி அலுத்துக்கொள்கிறார். நம்முடைய ஓட்டோ ஸ்டாண்டில் தேர்தல் பேசுகிற மாதிரி அவர்கள் இதைப் பேசியிருக்கிறார்கள்.

இன்னொன்று. நிசேயா இருந்தது பித்தினியா என்ற ரோம மாகாணத்தில், இன்றைய துருக்கியில். அதே மாகாணத்துக்கு 112ஐ ஒட்டி ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவனும் அல்ல, நண்பனும் அல்ல, பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில் இந்த ஆட்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று புகார் சொல்கிறார். சங்கத்துக்கு 200 வருஷத்துக்கு மேல் முந்திய சங்கதி இது. அதற்கும் முந்தி, சிலுவைக்கு ஏறக்குறைய 25 வருஷத்தில், பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது பிதாவாகிய ஒரே தேவன், இயேசு கிறிஸ்து என்னும் ஒரே கர்த்தர், இவர் மூலமாய்ச் சகலமும் உண்டாயிற்று என்கிறார் (1 கொரி. 8:6). இரண்டு பேராகவும் சொல்கிறார், படைப்பு வேலையையும் இவர் கையில் கொடுக்கிறார். தேவன் ஒருவரே என்று தினமும் ஓதி வளர்ந்த யூதன் எழுதியது.

நண்பர் கேட்டதில் ஒன்று சரி. "நான் கடவுள், என்னை வணங்குங்கள்" என்ற ஒற்றை வாக்கியம் நான்கு நற்செய்தியிலும் இயேசுவின் வாயில் இல்லை. இல்லாததை இருக்கிறது என்று சாதிக்காதீர்கள். இருப்பது வேறு மாதிரி: திமிர்வாதக்காரனைப் பார்த்து உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்கிறார், தேவன் ஒருவரைத் தவிர மன்னிக்க யாரால் கூடும் என்று பக்கத்தில் இருக்கிற வேதபாரகர் மனதுக்குள் முறுமுறுக்கிறார்கள், அவர் பின்வாங்கவில்லை (மாற்கு 2). இன்னொன்றையும் நண்பரிடம் சொல்லுங்கள். படைக்கப்பட்ட ஒருவரை வணங்குவது விக்கிரக வழிபாடுதானே என்பது அரியுஸுக்கு எதிராக அத்தனாசியுஸ் வைத்த முக்கியமான வாதங்களில் ஒன்று. கிண்ணியாப் பள்ளிவாசலில் இணைவைத்தல் என்று எதைக் கண்டிப்பார்களோ ஏறக்குறைய அதே பயம். இயேசு படைப்பு என்றால் அவரை வணங்கக் கூடாது என்பதில் அத்தனாசியுஸும் உங்கள் நண்பரும் ஒன்று. படைப்புத்தான், ஆனாலும் வணங்கலாம் என்ற அரியுஸ்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

யெகோவா சாட்சிகளுக்குத் தனியாக எழுத அதிகம் இல்லை. கர்த்தர் என்னைப் படைத்தார் என்று ஞானம் சொல்வதாக அவர்கள் வாசிக்கிற நீதிமொழிகள் 8:22ஐக் காட்டுவார்கள், அரியுஸின் ஆட்களும் அதைத்தான் காட்டினார்கள். உலக முடிவின் அந்த நாளைக் குமாரனும் அறியார் என்ற மாற்கு 13:32 மட்டும் கனமான வசனம், லேசாகத் தாண்டக் கூடாது. திருச்சபையின் பதில், அவர் மனிதராக வேஷம் போடவில்லை, பசி, தூக்கம், அறியாமை உட்பட உண்மையாகவே மனிதரானார் என்பது. 451இல் கல்சேதோன் சங்கம் முழுக் கடவுள், முழு மனிதர் என்று எழுதி வைத்தது. (கோணேசருக்குப் போய்வருகிற என் பக்கத்து வீட்டு ஐயா, "இயேசுவும் ஒரு அவதாரம்தானே தம்பி" என்று அன்பாகச் சொல்வார். சிவனுக்குக் கருவில் பிறப்பே கிடையாது என்று சொல்கிற சைவ சித்தாந்தம் படித்தவர் அவர். நான் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன்.)

ஒரு எச்சரிக்கை. 1 யோவான் 5:7இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இம்மூவரும் ஒன்று என்று நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும். அதை வைத்து வாதாடாதீர்கள். பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி இல்லை, லத்தீன் வழியாகப் பின்னால் ஏறியது. மச்சானுக்கு இது தெரிந்திருந்தால் நீங்கள் சொல்கிற மற்றதையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

அம்மாவுக்கு: அவர் எதையும் திரும்ப எடுக்கத் தேவையில்லை. தண்ணீரில், பிதா, சுதன், பரிசுத்த ஆவி பெயரால் பெற்றது மத்தேயு 28:19இல் இயேசுவே சொன்ன படி பெற்றது. கத்தோலிக்கத் திருச்சபை, அங்கிலிக்கனோ மெதடிஸ்தவோ அப்படிக் கொடுத்ததைக்கூட மறுபடி கொடுப்பதில்லை. அப்போஸ்தலர் 2:38இல் இயேசுவின் நாமத்தில் என்று இருக்கிறதே என்பார்கள். அதே புத்தகத்தின் 19ஆம் அதிகாரத்தில் ஸ்நாபக யோவானின் ஞானஸ்நானம் மட்டும் பெற்றிருந்தவர்களைப் பற்றி வருகிறது, அந்த இடத்தில் இயேசுவின் நாமம் என்பது எந்த ஞானஸ்நானம், யாருடையது என்று பிரித்துக் காட்டுகிறது. தண்ணீருக்கு மேலே நின்று சொல்ல வேண்டிய மந்திரமாக அதை, அந்தப் புத்தகத்தின் ஆசிரியரான லூக்கா எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. தங்கையோடு இதைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் கதைக்காதீர்கள், அம்மா இருக்கிற இடத்தில் அறவே வேண்டாம்.

மச்சானோடு தனியாக இருக்கும்போது யோவான் 17ஐ இரண்டு பேரும் முழுதாக வாசியுங்கள், வாசித்து முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று பேசிக்கொண்டு. ஐந்தாம் வசனத்தில், உலகம் உண்டாவதற்கு முன்னே உம்மிடத்தில் எனக்கிருந்த மகிமை என்று வரும். உலகமே இல்லாத நேரம், மரியாளிடம் பிறந்த மனித சுபாவமும் அப்போது இல்லை. அங்கே யார் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.