கத்திரி வெயிலில் கட்லா எங்கே போகிறது?

கேள்வி: மேலூர் பக்கம் 20 சென்ட் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விட்டிருக்கிறேன். நாலடித் தண்ணீர் நிற்கிறது. சித்திரை பிறந்ததிலிருந்து மத்தியானம் ஒரு மீன்கூடக் கண்ணில் படுவதில்லை. விடியற்காலையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. போன மார்கழியில் தீவனமும் சரியாக எடுக்கவில்லை. "மீனுக்குக் குளிர்ந்த ரத்தம், வெயில் ஒன்றும் செய்யாது" என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். சரியா?

பதில்: அந்தப் பெயரால் வந்த வினை இது. மீன் ரத்தம் எப்போதும் குளிர்ந்து கிடப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு சூடோ, அதுவும் ஏறக்குறைய அவ்வளவு சூடு. 34 டிகிரித் தண்ணீரில் உங்கள் கட்லாவும் 34 டிகிரிதான். நமக்கு வியர்க்கிறது, மாடு மூச்சிரைத்துச் சூட்டைத் தள்ளுகிறது. மீனுக்கு அந்த வசதி கிடையாது. உடம்பில் உண்டாகிற கொஞ்சச் சூடும், ரத்தம் செவுளுக்கு வந்ததுமே தண்ணீரோடு போய்விடும். (கடலில் சூரை மீன் கெட்டிக்காரன். நீந்தும் தசையில் பிறக்கும் சூட்டைச் செவுளுக்கு விடாமல், பின்னிக் கிடக்கும் ரத்தக்குழாய்களால் உள்ளேயே திருப்பிக்கொள்ளும். அறுத்தால் நடுமுள்ளை ஒட்டி அடர்சிவப்பாகத் தெரியுமே, அந்தத் தசைதான்.)

கட்லா, ரோகு போன்ற கெண்டை மீனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இடம் மாறுவது. மத்தியானம் அது அடித்தண்ணீருக்குப் போய்விடுகிறது. தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி, இரண்டு மணிக்கு மேலேயும் அடியிலேயும் விட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். நாலடியில் அதற்கு ஒதுங்க இடம் போதாது. ஆறடிக்கு ஏற்றுங்கள். மேற்குக் கரையில் தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று போட்டால் சாயங்கால வெயில் தணியும். நிழலுக்கென்று ஆகாயத்தாமரையை விட்டுவிடாதீர்கள், அப்புறம் குட்டை உங்களுடையதாக இருக்காது.

விடியற்காலை விஷயம்தான் ஆபத்து. 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். அதே பத்து டிகிரி ஏற்றத்துக்கு மீன் உடம்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆக்சிஜன் கேட்கும். வரவு குறையும்போதுதான் செலவு கூடுகிறது. இரவெல்லாம் பாசியும் சேர்ந்து இழுத்துக்கொள்ள, விடியும்போது மிச்சம் இருக்காது. பின்னிரவில் போர் மோட்டாரைப் போடுங்கள். ஆனால் குழாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தாதீர்கள். போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, பலகையில் அடித்துச் சிதறி விழட்டும். மீன் மேலே வந்த அன்று தீவனமே வேண்டாம்.

மார்கழியில் இது தலைகீழ். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானமும் மந்தம். காலை ஆறு மணிக்குப் போடும் தவிடும் புண்ணாக்கும் அடியில் அழுகத்தான் செய்யும். வெயில் ஏறி 11 மணிக்குப் பாதி அளவு பையில் கட்டித் தொங்கவிடுங்கள். சாயங்காலம் பையைத் தூக்கிப் பார்த்து, மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள்.

அடுத்த முறை குஞ்சு வாங்கி வந்தால், பையை உடனே அவிழ்க்காமல் கால் மணி நேரம் குட்டையில் மிதக்க விடுங்கள். அப்புறம் குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சு தானாக வெளியே நீந்தட்டும்.