ஜப்பானின் சீக்கோ நிறுவனத்தின் உயர்தர வாட்சான கிராண்ட் சீக்கோவை இன்று லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்களே, சேகரிப்பவர்களிடம் இந்த மதிப்பு எப்படி வந்தது?

சீக்கோ என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சீக்கோ 5 தான். வருடக்கணக்கில் ஓடும், விலையும் கட்டுப்படியாகும். வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் பலரும் ரொம்ப நாள் இதே எண்ணத்தில்தான் இருந்தார்கள். நல்ல வாட்ச்தான், ஆனால் சுவிஸ் வாட்ச் விலையைக் கொடுப்பதா என்று தயங்கினார்கள்.

துல்லியத்தால்தான் மதிப்பு வந்தது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. துல்லியத்தை அவர்கள் எப்போதோ நிரூபித்துவிட்டார்கள். முதல் கிராண்ட் சீக்கோ வந்தது 1960-ல். 1968-ல், துல்லியத்தைச் சோதிக்கும் ஜெனீவா வானாய்வகப் போட்டியில் கைக்கடிகாரப் பிரிவின் 4 முதல் 10 வரையான இடங்களை சீக்கோ பிடித்தது. முதல் மூன்றும் படிக அதிர்வை வைத்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ், அவையும் விற்பனைக்கு வராத சோதனை மாதிரிகள். அதாவது சுருள்வில்லில் ஓடும் இயந்திரக் கடிகாரங்களில் இவர்களே முதல். அடுத்த வருடம் டிசம்பர் 25 அன்று கடைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான அஸ்ட்ரானை 4,50,000 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் குவார்ட்ஸ் விலை சரிந்து எல்லார் கைக்கும் வந்ததும், ஜப்பான் வாட்ச் என்றாலே மலிவு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எதில் ஜெயித்தார்களோ அதுவே பெயரைக் கெடுத்தது. கிராண்ட் சீக்கோ தயாரிப்பே 1970-களின் நடுவில் நின்று, 1988-ல்தான் திரும்ப வந்தது.

எண்ணம் மாறியது, வாட்சைக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தபோதுதான். 2010-ல்தான் ஜப்பானுக்கு வெளியே முறையாக விற்கத் தொடங்கினார்கள். படத்தில் இதன் அருமை தெரியாது. நானே டோக்கியோவில் நக்கானோ பிராட்வே வணிக வளாகத்தில் ஒரு பழைய வாட்ச் கடையில் 'ஸ்னோஃப்ளேக்' மாடலைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டேன். டைட்டானியம் என்பதால் கை கனக்கவில்லை. ஸராட்சு என்ற முறையில், சுழலும் தகட்டில் கையால் பிடித்துத் தேய்த்து மெருகேற்றிய கேஸ், அதாவது வாட்சின் வெளிக்கூடு. அதன் விளிம்பில் கடை விளக்கு வளையாமல் நெளியாமல் அப்படியே தெரிந்தது. டயல் வெள்ளை பெயின்ட் இல்லை, வெள்ளி முலாம். நாகானோ மாகாணத்தில் வாட்ச் செய்யும் இடத்தைச் சுற்றிப் படியும் பனியின் சாயல் அதில் இருக்கிறது. அதன் மேல் நீல நொடிமுள் துளி சத்தமில்லாமல், துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போனது. நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அந்த நொடிமுள்ளுக்குக் காரணம் ஸ்பிரிங் டிரைவ். பேட்டரி கிடையாது. சுருள்வில்லின் விசையில்தான் முட்கள் நகர்கின்றன. அதே விசை நொடிக்கு 8 முறை சுற்றும் ஒரு சக்கரத்தைச் சுழற்றிச் சிறிது மின்சாரம் எடுக்கிறது. அதில் இயங்கும் குவார்ட்ஸ், காந்தத்தால் அந்தச் சக்கரத்தை மெல்லப் பிரேக் பிடித்து வேகத்தைச் சீராக்குகிறது. இந்த யோசனையை 1977-ல் தொடங்கியவர் யோஷிகாஸு அகஹானே. 1999-ல் அது விற்பனைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

பெயர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2017-ல் கிராண்ட் சீக்கோவைத் தனி பிராண்டாக்கி, டயலின் மேலே இருந்த 'சீக்கோ'வை எடுத்தார்கள். எனக்கு அந்தப் பழைய டயல்தான் பிடிக்கும், ஆனால் புதிதாக வருபவர்களின் தயக்கம் அதனால் குறைந்தது. 2021-ல் பிர்ச் மரப்பட்டை போன்ற டயல் கொண்ட மாடல், ஜெனீவா கிராண்ட் பிரி என்ற கடிகார விருது விழாவில் ஆண்கள் கடிகார விருதை வாங்கியது. சுவிஸ் மண்ணிலேயே!

குறையும் உண்டு. செயின் கொக்கியில் நுணுக்கமாக அளவு மாற்ற வழி இல்லை என்று பல வருடம் புலம்பினார்கள், அது நியாயமான புலம்பல். திரும்ப விற்கும்போதும் ரோலெக்ஸ் மாதிரி விலை நிற்பதில்லை. அதனால் வாங்க நினைத்தால் நல்ல நிலையில் இருக்கும் பழையதாகப் பாருங்கள். கேஸைத் திரும்ப பாலிஷ் போட்டிருந்தால் மட்டும் வேண்டாம். விளிம்பின் கூர்மை போய்விட்டால் ஸராட்சுவுக்குக் கொடுத்த காசு வீண்.