காய்ச்சின தண்ணீர்தான் கொடுக்கிறேன், அப்புறமும் ஏன்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். ஒன்றரை வயது மகனுக்கு மூன்று மாதத்தில் மூன்றாவது தடவையாக வயிற்றுப்போக்கு. தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன். மலையில் தண்ணீர் சரியாகக் கொதிக்காது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பல் முளைக்கிறதால் போகிறது என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?

பதில்: அக்கா சொன்னதில் பாதி உண்மை. உங்கள் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரி குறைவு. கிருமி சாக அந்தச் சூடே தாராளம். தளதளவென்று கொதித்தபின் மூன்று நிமிடம் விட்டு இறக்குங்கள், போதும்.

அத்தைக்கும் பாதி மார்க். பல் முளைப்பதால் பேதி ஆகாது. ஆனால் ஈறு ஊறும் வயதில் பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். வாசலில் தவழ்ந்த கையும் அதில் சேர்த்தி.

நான் கேட்க நினைப்பது வேறு. காய்ச்சின தண்ணீரைக் குடத்திலிருந்து எப்படி எடுக்கிறீர்கள்? டம்ளரை விட்டு மொள்ளும்போது விரல் நான்கும் உள்ளே நனைகிறதா? அப்படியென்றால் காய்ச்சிய பாடெல்லாம் வீண். நீளக் காம்புள்ள கரண்டி வையுங்கள், மூடியும் வேண்டும்.

அடுத்தது, குழாயடிச் சோப்பு. மார்கழிக் குளிரில் அந்தத் தண்ணீரில் கைவைக்க யாருக்கு மனசு வரும்? பல வீடுகளில் கைகழுவும் சோப்பு காய்ந்து வெடித்தே கிடக்கும். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டு, ‘குழந்தை மலம்தானே’ என்று வெறும் தண்ணீரில் கையை அலசிக்கொண்டு சோறு பிசைவோம். பெரியவர்கள் மலத்தைப் போலவே அதிலும் கிருமி உண்டு. கிருமி போவது சோப்பால்தான். சோப்பு இருந்தால் வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீரே போதும். விரலிடுக்கு, நகக்கண் சேர்த்து இருபது விநாடி தேய்க்க வேண்டும். குளிர் தாங்காவிட்டால் ஒரு சொம்பு வெந்நீர் கலந்துகொள்ளுங்கள். பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்பவரும் இதைச் செய்ய வேண்டும்.

இப்போதைக்கு: ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் இலவசம். ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு தடவை போனபிறகும் கால் முதல் அரை டம்ளர் வரை ஸ்பூனால் கொடுங்கள். மறுநாளுக்கு மிச்சம் வைக்காதீர்கள். துத்தநாகம் தினம் 20 மில்லிகிராம், பேதி நின்றாலும் 14 நாள். தாய்ப்பாலையோ சோற்றையோ நிறுத்த வேண்டாம்.

மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாமை, குடிக்க முடியாமல் துவண்டு கிடப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.