தெரபிக்கு மொத்தமாகக் கட்ட மறுபடியும் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, சம்பளம் 42,000 ரூபாய். என் ஐந்து வயது மகன் மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு அழுவான். சட்டைக் கழுத்தில் லேபிள் உரசினால் கழற்றி எறிந்துவிடுவான். சென்சரி (புலன் உணர்வு) பிரச்சினை என்று ஒரு தெரபி சென்டரில் சொன்னார்கள். போன வருடம் 90,000 ரூபாய் பெர்சனல் லோன் (16% வட்டி, 18 மாதம்) எடுத்து, 150 ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) செஷனுக்கு மொத்தமாகக் கட்டினேன். கொஞ்சம் முன்னேற்றம் தெரிகிறது. இப்போது அடுத்த பேக்கேஜுக்கு 1,05,000, வீட்டில் சென்சரி ரூம் அமைக்க 80,000 என்கிறார்கள். டாப்-அப் லோன் (பழைய கடனோடு சேர்த்துத் தரும் கூடுதல் கடன்) போடலாமா, மனைவியின் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். தெரபியை நிறுத்தச் சொல்லவில்லை, அது தொடரட்டும். நிறுத்த வேண்டியது, கடன் வாங்கி ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டும் பழக்கத்தை.

நீங்கள் அனுப்பிய வருகை அட்டையின் படத்தை உட்கார்ந்து எண்ணினேன். 123 கையெழுத்து இருக்கிறது. மே மாதம் பாட்டி வீடு, ஆகஸ்ட்டில் காய்ச்சல், நடுவில் தெரபிஸ்ட் மாறிய வாரங்கள் என்று 27 கட்டம் காலி. அவை காலாவதி, பணம் திரும்பாது. அன்றன்று கட்டினால் செஷனுக்கு 700, பேக்கேஜில் 600. ஆக 15,000 ரூபாய் தள்ளுபடி என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். ஆனால் வட்டியும் பிராசஸிங் கட்டணமும் சேர்ந்து சுமார் 14,000. தள்ளுபடி அங்கேயே கரைந்துவிட்டது. கடன் முடியும்போது 1,04,000 ரூபாய் போயிருக்கும். 123 செஷனுக்கு அன்றன்று கட்டியிருந்தால் 86,100தான். உங்களுக்கு ஒரு செஷன் சுமார் 845 ரூபாய்க்கு விழுந்திருக்கிறது.

இப்போது கேட்கும் தொகையோடு பழைய பாக்கி 32,500-ஐயும் சேர்த்தால் சுமார் 2,17,500. மூன்று வருட டாப்-அப் என்றால் மாதத் தவணை 7,650, வட்டி மட்டும் 58,000. பேக்கேஜ் ஒரே வருடத்தில் முடிந்துவிடும். அடுத்த பேக்கேஜுக்கு அவர்கள் கேட்கும்போது, இந்தத் தவணை இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கும்.

இந்தத் தெரபிக்கே வருடப் பேக்கேஜ் பொருந்தாது. இந்தத் தெரபி பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-ல் சொன்னதைப் பாருங்கள்: ஆய்வு ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், இன்ன மாற்றம் வேண்டும் என்று இலக்கு வைத்து, பலன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு இரண்டே இலக்கு வையுங்கள். மிக்ஸி ஓடும்போது பக்கத்து அறையில் இருப்பது ஒன்று, பள்ளிச் சீருடையை மதியம்வரை கழற்றாமல் இருப்பது இன்னொன்று. எழுதி வைத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த சென்சரி ரூம். கலர் லைட், குமிழித் தூண், பீன் பேக் எல்லாம் விற்பவருக்கு நல்லது. தூளி கட்டத் தெரிந்த வீட்டுக்கு 80,000 ரூபாய் ரூம் எதற்கு? வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள் உண்டு: சப்பாத்தி மாவு பிசைவது, தண்ணீர்க் குடம் தூக்கி வருவது, பயறுக்குள் ஒளித்த காசைத் தேடுவது ஆகியவற்றில் உங்கள் பையனுக்கு எது சரி, எவ்வளவு நேரம் என்று தெரபிஸ்ட்டிடம் எழுதி வாங்குங்கள். எடைப் போர்வையை (உள்ளே கனம் வைத்துத் தைத்த போர்வை) மட்டும் அவர் சொல்லாமல் போர்த்திவிடாதீர்கள். சட்டை விஷயம் உங்கள் தொழில்: லேபிள் தைக்காமல் கழுத்தில் அச்சடித்த பனியன் நான்கு எடுத்துக் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தில் டாக்டர் பேச்சே இல்லை, அதுதான் எனக்குக் கவலை. சென்டர் சொன்னதை நோய்க்கணிப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையம் எங்கே என்று கேளுங்கள், 18 வயது வரை இலவசம். ஒருவேளை ஆட்டிசம் என்று சான்றிதழ் கிடைத்தால், மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் வரை கிடைக்கும், தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு. சென்சரி பிரச்சினை என்ற பெயர் மட்டும் இருந்தால் அது கிடைக்காது.

சரி, மாதக் கணக்கு. பழைய தவணை 5,657 இன்னும் ஆறு மாதம். அதுவரை வாரம் இரண்டு செஷனும் வீட்டுப் பயிற்சியும் போதுமா என்று தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். போதும் என்றால் மாதம் 6,000 ஆகும், மாதாமாதம் கட்டுங்கள். தவணை முடிந்த மாதமே மூன்றாவது செஷனைச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு 3,000 கூடும். அப்போதும் கையில் நிற்கும் 2,600-ஐ பையன் பெயர் சொல்லி ஆர்.டி.யில் போடுங்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.